அக்காவின் கழுத்துக்கு நான் சொன்ன வைத்தியம்

மெல்பர்னில் என் கழுத்தைத் தொடுவதற்கு முன்னால் ஒரு மனிதர் என்னிடம் அனுமதி கேட்டார். "இப்போது உங்கள் கழுத்தில் கை வைக்கலாமா?" என்றார். நான் நம் ஊர் வழக்கப்படி தலையை இரண்டு பக்கமும் லேசாக ஆட்டினேன். நமக்கு அது சரி என்று பொருள். அவர் சட்டென்று கைகளை எடுத்துக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்தார். "விருப்பமில்லை என்றால் பரவாயில்லை, இன்றைக்கு வேண்டாம்" என்றார். நான் பதறி மறுபடியும் தலையாட்ட, அவர் இன்னும் ஓரடி தள்ளிப் போனார். "யெஸ், யெஸ்" என்று வாயால் சொன்ன பிறகுதான் அருகில் வந்தார். தோள்பட்டைக்குத் தனியாக ஒருமுறை கேட்டார். முதுகுக்கு இன்னொரு முறை. வலி என்று வந்து படுத்திருப்பவளிடம் இத்தனை தடவை உத்தரவு கேட்கும் வைத்தியரை நான் அதுவரை பார்த்ததில்லை. கைப்பழக்கம் போதாத ஆள் போலிருக்கிறது, அதனால்தான் பயப்படுகிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

அவர் பெயர் டேனியல். கைரோபிராக்டர். முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையாலேயே அழுத்தியும் அசைத்தும் வலி தீர்க்கிறவர்களுக்கு இங்கே அந்தப் பெயர். அதற்கென்று பல்கலைக்கழகத்தில் வருடக்கணக்கில் படித்துப் பதிவு செய்துகொண்டுதான் தொழில் பார்க்க முடியும். நான் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். திருச்செங்கோட்டில் பொறியியல் படித்தவள் இங்கே வந்து வெள்ளைக்காரக் கிழவிகளைப் புரட்டிப் படுக்கவைக்கிறாள் என்று ஊரில் சிலர் சொல்வது எனக்குத் தெரியும். புரட்டிப் படுக்கவைத்துத்தான் கழுத்து போயிற்று. பிடரியில் தொடங்கி வலது தோள்பட்டை வரைக்கும் கம்பியை முறுக்கி வைத்த மாதிரி ஒரு இறுக்கம். டிராமில் போகும்போது பின்னால் யாராவது கூப்பிட்டால் உடம்போடு சேர்த்துத்தான் திரும்ப முடிந்தது.

முதல் நாள் டேனியல் என் கழுத்தைத் தொட்ட நேரத்தைவிடக் கேள்வி கேட்ட நேரம்தான் அதிகம். தலை சுற்றுமா, கண் இரண்டாகத் தெரியுமா, விழுங்கச் சிரமம் உண்டா, கை மரத்துப்போகுமா, எப்போதாவது மயங்கி விழுந்ததுண்டா, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா. பிறகு ரத்த அழுத்தம் பார்த்தார். "உங்கள் கழுத்தை நான் வேகமாகத் திருப்பப்போவதில்லை. அதற்குத் தேவையும் இல்லை" என்றார். மெதுவாகத் தசைகளை அழுத்திவிட்டு, தாடையை உள்ளே இழுக்கிற பயிற்சி ஒன்றும், தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் சேர்க்கிற பயிற்சி ஒன்றும் சொல்லிக்கொடுத்தார். துண்டைச் சுருட்டிப் பிடரிக்கடியில் வைத்துப் படுக்கச் சொன்னார். இதற்கா லீவு போட்டுவிட்டு வந்தோம் என்றிருந்தது. நான்காவது தடவை போனபோது, கேட்டுவிட்டு, நடுமுதுகில் ஒரே ஒரு அழுத்து. மடக்கென்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தோடு தோளில் இருந்த சுமையை யாரோ இறக்கி வைத்தாற்போல் ஆகிவிட்டது. அன்று சாயங்காலமே அக்காவுக்குப் போன் போட்டேன்.

அக்கா பெயர் சரசு. என்னைவிட எட்டு வயது மூத்தவள். நாமக்கல்லிலிருந்து ராசிபுரம் போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி அவர்களுக்குச் சின்னதாக ஒரு கோழிப்பண்ணை. நான் கல்லூரியில் படித்த நான்கு வருடமும் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். அக்கா வீட்டுக்காரர் பழனிச்சாமி மாமா காலையில் தீவன மூட்டை இறக்கிய கையோடு என்னை வண்டியில் ஏற்றி பஸ் ஸ்டாப்பில் விடுவார். "அம்மிணி, சோத்துப் போசி எடுத்துட்டயா?" என்று என் சாப்பாட்டுப் பாத்திரத்தை ஒரு நாள் தவறாமல் விசாரிப்பார். அக்கா அந்நேரம் முட்டை எடுத்துக்கொண்டிருப்பாள். கீழ்க்கூண்டுக்குக் குனிய வேண்டும், மேல்கூண்டுக்கு அண்ணாந்து பார்க்க வேண்டும். அட்டை நிறைந்ததும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தோளில் தாங்கிக்கொண்டு போய் அறையில் வைப்பாள். ஒரு நாளைக்கு இரண்டு நேரம், இருபது வருடம். கழுத்து எத்தனை காலம்தான் பொறுக்கும்?

நான் போன் செய்த சமயத்தில் அவளுக்கு வலி மூன்று நான்கு வருடப் பழக்கம். இடது கை விரல்கள் மரத்துப்போகின்றன என்றாள். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பெரியாஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கிற ஒரு பெண் பயிற்சி சொல்லிக்கொடுத்திருந்தாளாம். தாடையை உள்ளே இழுக்க வேண்டும், தோள்பட்டையைப் பின்னால் சேர்க்க வேண்டும். ஆமாம், டேனியல் எனக்குச் சொன்ன அதே பயிற்சிகள். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. மெல்பர்னில் சொன்னபோது சகித்துக்கொண்ட ஒன்றை, நாமக்கல்லில் சொன்னார்கள் என்றதும் நான் மதிக்கவில்லை.

"அதெல்லாம் சும்மா ஒப்புக்குச் சொல்றது. இங்க ஒரே அழுத்துல எனக்குச் சரியாயிருச்சு. சேலத்துலயே கைரோ கிளினிக் வந்திருக்குது, போன்ல வீடியோ பார்த்தேன்" என்றேன்.

"ஏஞ்சாமி, இந்தப் புள்ள சொன்னதப் பண்ணுனா இப்பக் கொஞ்சம் தேவலையாத்தான் இருக்குது. கழுத்தத் திருப்பறதுன்னா எனக்குப் பயமா இருக்குது."

"நீ ஒண்ணும் பேசாத. நான் புக் பண்ணிட்டேன். மாமாவக் கூட்டிட்டுப் போயிட்டு வா."

"சரி கண்ணு, நீ சொன்னா போயிட்டு வாரேன்."

அக்காவிடம் நான் மடக் சத்தத்தைச் சொன்னேன். அதற்கு முன்னால் கேட்கப்பட்ட கேள்விகளைச் சொல்லவில்லை. என் கழுத்தை யாரும் திருப்பவேயில்லை என்பதையும் சொல்லவில்லை. வேண்டுமென்றே மறைக்கவில்லை. ஊருக்குப் போன் செய்யும்போது இங்கத்திய வாழ்க்கையில் சத்தம் வருகிற பாகத்தை மட்டும் சொல்வது எனக்குப் பழகிப்போயிருந்தது. இதைப் படிக்கிற உங்களில் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது புரியும் என்று நினைக்கிறேன்.

அந்தக் கிளினிக்கில் என்ன நடந்தது என்பதை நான் இரண்டு வழியாக அறிவேன். ஒன்று, அவர்களே அன்றைக்கு இணையத்தில் போட்ட வீடியோ. முதுகில் ஏதோ எழுதிய டீ ஷர்ட் போட்ட ஒருவர் அக்காவின் தலைமாட்டில் நிற்கிறார். சத்தம் நன்றாகக் கேட்க வேண்டும் என்று அக்காவின் காதோரம் மைக் மாட்டியிருக்கிறார்கள். "எங்கிருந்தும்மா வர்றீங்க?" "நாமக்கல் பக்கமுங்க." "எவ்வளவு நாளா வலி?" "மூணு நாலு வருசமா இருக்குதுங்க." "இன்னிக்கே போயிரும்." கேள்விகள் அவ்வளவுதான். வலப்பக்கம் ஒரு திருப்பு, சத்தம். இடப்பக்கம் ஒரு திருப்பு, சத்தம். "எப்படிம்மா இருக்கு?" அக்கா எழுந்து உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "நல்லாருக்குதுங்க" என்கிறாள்.

மற்றது, அக்காவின் பையைப் பிடித்துக்கொண்டு கதவருகில் நின்ற மாமா சொன்னது. இரண்டு திருப்புகளுக்கும் நடுவில் அக்கா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "தலையச் சுத்துதுங்க, இது போதுமுங்களே" என்றிருக்கிறாள். "ரத்த ஓட்டம் போகுதும்மா, அப்படித்தான் இருக்கும். இன்னும் ஒரே செகண்டு" என்று அவர் சிரித்திருக்கிறார். வீடியோவில் அந்த இடத்தை வெட்டிவிட்டார்கள்.

நான் வேலை முடிந்து டிராமில் உட்கார்ந்து அதைப் பார்த்தேன். பெருமையாக இருந்தது. "எங்க அக்கா" என்று எழுதி உறவுக்காரர்கள் குழுவில் போட்டேன். உடன் வேலை செய்யும் பிலிப்பைன்ஸ்காரப் பெண்ணுக்கும் அனுப்பினேன். அந்த நேரத்தில் மல்லூர் தாண்டிப் போய்க்கொண்டிருந்த பஸ்ஸில் அக்கா ஜன்னல் வழியாக வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். வெயிலுக்குப் பஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்று மாமா நினைத்திருக்கிறார். ராசிபுரத்தில் சோடா வாங்கிக் கொடுத்தபோது அது வாயில் நிற்காமல் ஓரமாக வழிந்திருக்கிறது. நாக்குக் குழறியிருக்கிறது. எழுந்து நிற்கச் சொன்னால் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறாள். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, உடனே சேலத்துக்குக் கொண்டுபோகச் சொல்லி ஆம்புலன்சில் ஏற்றிவிட்டார்கள். பஸ்ஸில் வந்த ரோட்டிலேயே திரும்பிப் போனார்கள்.

நான் போய்ச் சேர ஐந்து நாள் ஆயிற்று. அக்காவின் மூக்கில் குழாய் போட்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினாள். அது நினைத்த இடத்துக்கு வராமல் என் காதைத் தாண்டிப் போய்விட்டு வந்தது. டாக்டர் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். கழுத்தெலும்பை ஒட்டி மூளைக்குப் போகிற ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து, அங்கே கட்டிய ரத்தம் மூளையின் அடிப்பக்கத்தை அடைத்துவிட்டது. நடக்கிறது, பேசுகிறது, விழுங்குகிறது எல்லாம் அங்கே இருந்துதான். "கழுத்த வேகமாத் திருப்பினா அபூர்வமா இப்படி ஆகும். தானாவும் ஆகும். இதனாலதான் ஆச்சுன்னு என்னால எழுதித் தர முடியாதுங்க" என்றார். நல்ல மனிதர்தான். உண்மையைத்தான் சொன்னார். அந்த உண்மையை வைத்துக்கொண்டு எங்களால் எதுவும் செய்ய முடியவில்லை.

நான் மட்டும் அந்தக் கிளினிக்குக்குப் போனேன். டீ ஷர்ட்காரர் எழுந்து நின்று வரவேற்றார். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். "இங்க இருந்து போறப்ப நல்லாத்தானே போனாங்க மேடம்? அவங்களே சொன்னாங்களே" என்று தன் போனை எடுத்து அக்காவின் வீடியோவை எனக்கே போட்டுக் காட்டினார். "நல்லாருக்குதுங்க" என்றாள் அக்கா. பெரியவர்கள் யார் கேட்டாலும், என்ன செய்துவிட்டுக் கேட்டாலும், முகம் கோணாமல் நல்லாருக்குதுங்க என்று சொல்ல எங்கள் பக்கத்தில் பெண்களைப் பழக்கியிருக்கிறார்கள். அதைச் சாட்சியாக வைத்துக்கொண்டு அவர் என் முன்னால் நின்றார். வீடியோவை எடுத்துவிடுங்கள் என்றேன். பார்க்கலாம் மேடம் என்றார். இதை எழுதுகிற இன்றுவரை அது அங்கேதான் இருக்கிறது. கீழே ஒருவர், அம்மா முகத்தில் என்ன ஒரு நிம்மதி என்று எழுதியிருக்கிறார்.

அக்காவை வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று மாமா வாசலில் நின்று என்னைப் பார்த்து, "வாங்க, உள்ள வாங்க" என்றார். நான் திரும்பிப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தேன். யாருமில்லை. இத்தனை வருடம் "வா அம்மிணி" என்றவர். எங்கள் கொங்கில் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிற குழந்தையைக்கூட வாங்க போங்க என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள் என்று நான் இங்கே எல்லோரிடமும் பெருமை பேசியிருக்கிறேன். அந்த மரியாதை ஒருத்தியை வீட்டுக்கு வெளியே நிறுத்தவும் போதுமானது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மூன்று வாரம் இருந்தேன். "சாப்பிடுங்க", "படுத்துக்குங்க", "உங்களுக்கு எதுக்குங்க சிரமம்." திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். கிளம்புகிற அன்று நானாகவே கேட்டேன்.

"மாமா, எம்மேல கோவமா?"

அவர் அக்காவின் போர்வையை மடித்துக்கொண்டிருந்தார். மடித்து முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"கோவமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. இனிமே அங்கிருந்து எதுவும் சொல்லாம இருந்தீங்கன்னாப் போதுமுங்க."

மெல்பர்ன் திரும்பிய பிறகு ஒருமுறை டேனியலிடம் போனேன். கழுத்து மறுபடியும் பிடித்துக்கொண்டிருந்தது. நடந்ததைச் சொன்னதும் அவர் முகம் வெளுத்துப்போய்விட்டது. "அப்படிச் செய்கிறவர் கைரோபிராக்டரே இல்லை" என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். தன் தொழிலை என்னிடமிருந்து காப்பாற்றுகிற மாதிரி இருந்தது. பிறகு, "உங்கள் அக்காவின் சம்மதத்தை வாங்கினார்களா?" என்று கேட்டார். "நான் கொடுத்தேன்" என்றேன். என் ஆங்கிலத்தில் ஏதோ பிழை என்று நினைத்துக்கொண்டு, இல்லை, உங்கள் அக்காவின் சம்மதம் என்று நிதானமாகத் திருத்திக் கேட்டார். நானும் நிதானமாக அதையே திரும்பச் சொன்னேன். அதற்குப் பிறகு அங்கே போகவில்லை. கழுத்து வலிக்கிறது, வலிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அக்கா இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். குரல் கம்மிவிட்டது. தண்ணீர் தண்ணீராக எதைக் குடித்தாலும் புரையேறுகிறது. காப்பியிலிருந்து ரசம் வரைக்கும் எல்லாவற்றையும் கஞ்சிப் பதத்துக்குக் கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும். நிமிர்ந்து உட்காரவைத்து, தாடையை நெஞ்சுப் பக்கம் இறக்கச் சொல்லி, ஒரு வாய் முழுதாக இறங்கியது தெரிந்த பிறகே அடுத்த வாய் ஊட்ட வேண்டும். இதையெல்லாம் முதியோர் இல்லத்து வேலைக்காக எனக்குச் சான்றிதழ் கொடுத்துச் சொல்லித் தந்திருக்கிறார்கள். மாமாவுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. புரையேறிப் புரையேறித் தானாகத் தெரிந்துகொண்டார். நான் எதுவும் சொல்லக்கூடாது என்றாரே, சொல்லவில்லை. போனில் அக்காவின் முகத்தை மட்டும் காட்டுவார். "சாப்ட்டாங்களா?" என்று கேட்பேன். "ஆச்சுங்க" என்பார்.

எங்கள் இல்லத்தில் மார்கரெட் என்று ஒரு அம்மா இருக்கிறார். அவருக்கும் பக்கவாதம். இங்கே மத்தியானச் சாப்பாட்டு வேளை, நாமக்கல்லில் காலைச் சாப்பாட்டு நேரம். நேற்று அரைத்த காய்கறியை அவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தபோது, வாயில் வாங்கியதை விழுங்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன என்று கண்ணால் கேட்டேன். உணவைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு அப்படியே பார்த்தார். பக்கத்தில் இருந்த பெண் வேலையை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தபோதுதான் நான் என்ன பேசிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்குத் தெரிந்தது. "தாவாக்கட்டையக் கீழ எறக்கிக்கோக்கா, மெதுவா முழுங்கு சாமி" என்று தமிழில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. ஆங்கிலத்தில் மாற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மார்கரெட் தாடையை இறக்கி, கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாக விழுங்கினார்.