அக்கா தாமாக வேலையை விடவில்லை

தலைமையாசிரியர் பொய் சொன்னார். அக்காவின் காரியம் முடிந்த மறுவாரம் எங்கள் ஹைஸ்கூலில் இரங்கல் கூட்டம் நடத்தி, “உடல்நலக் குறைவால் தாமாகவே வேலையை விட்டவர்” என்று மேடையில் பேசினார். துக்கத்துக்கு வந்தவர்கள் இருந்த கூட்டம் என்பதால் அன்று வாயை மூடிக்கொண்டேன். முதலாண்டு நினைவுக்கு அச்சிடும் இந்த மலரில் பேசுகிறேன். எனக்கு அழகாக எழுத வராது. நடந்ததை எழுதுகிறேன்.

அக்கா கண்டோன்மெண்டை ஒட்டிய மர்பி டவுனில் பிறந்தார். அப்பா ராணுவ மெஸ்ஸில் சமையல்காரர். வெள்ளைக்காரர்கள் நாட்டை விட்டுப் போன வருடம் அந்த வேலை போயிற்று. கொஞ்ச நாளில் அப்பாவும் போய்விட்டார். அம்மா பங்களாக்களில் துணி துவைத்து அக்காவைப் படிக்க வைத்தார். அக்கா டீச்சராகி என்னைப் படிக்க வைத்தார். வரன் வந்தபோதெல்லாம், தம்பி படிப்பு முடியட்டும் என்று தள்ளிப்போட்டார். முடிந்தபோது பெண் கேட்டு யாரும் வரவில்லை.

ஹைஸ்கூல் அப்போது பட்டாளம் காலி செய்துவிட்டுப் போன தகரக் கொட்டகை. மழை பெய்தால் பாடம் காதில் விழாது. அதற்குச் சுவர் எழுப்பியவர்கள் எங்கள் பக்கத்துக் கொத்தனார்களும் பட்லர்களும் பேக்கரி ஆட்களும்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் கூலி வாங்காமல் செய்தார்கள். பெண்கள் மண் மிதித்தார்கள். அங்கேதான் அக்கா கணக்கு டீச்சராகச் சேர்ந்தார். தமிழில் சொல்வார், கன்னடத்தில் சொல்வார், அதுவும் புரியாத பிள்ளைக்குத் தமக்குத் தெரிந்த உருதுவில் சொல்வார். அடிக்கவும் செய்வார், அதை மறைக்கவில்லை. ஆனால் இதற்குக் கணக்கு வராது என்று எந்தப் பிள்ளையையும் கைவிட்டதில்லை.

பிறகு இந்தத் தலைமையாசிரியர் வந்தார். வாசலில் பலகை மாட்டினார்: எஸ்.எஸ்.எல்.சி.யில் அனைவரும் தேர்ச்சி. வருடா வருடம் அப்படித்தான். எப்படி? தேறாது என்று அவருக்குத் தோன்றும் பிள்ளைகளின் பெற்றோரைப் பரீட்சைக்கு முன்பே கூப்பிடுவார். டி.சி.யைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார். எழுதாத பிள்ளை பெயிலாகாது. பெற்றோரும் மானம் தப்பியது என்று அவரைக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

ஒரு வருடம் எங்கள் தெரு கன்னியம்மாவைக் கூப்பிட்டார். வீட்டு வேலைக்குப் போகிறவர். மகள் கணக்கில் மட்டம்.

“பொண்ணு பெயிலானா தெருவே சிரிக்கும்மா. வாங்கிட்டுப் போ” என்றார் தலைமையாசிரியர்.

வகுப்பிலிருந்த அக்கா வராந்தாவுக்கு வந்தார். “வாங்காதீங்கம்மா. அவ எழுதட்டும். பெயிலானா ஆகட்டும், அது அவ பெயிலு.”

“டீச்சர், நீங்க கிளாசுக்குப் போங்க.”

கன்னியம்மா கை நீட்டவில்லை. “இந்தச் செவுத்துக்கு மண்ணு மிதிச்சவ நான். அன்னிக்கு என்ன பரீட்சை வெச்சு சார் என்னை உள்ள விட்டாங்க?”

மகள் எழுதினாள். பெயிலானாள், அதுவும் அக்காவின் கணக்கில். அந்த வருடம் பலகையில் எழுத ஒன்றுமில்லை. விடுமுறை முடிந்து பள்ளிக்குப் போன அக்காவைத் தலைமையாசிரியர், உங்கள் பாடத்தில்தான் பெயில், இனி வர வேண்டாம் என்று வராந்தாவிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார். அன்று அக்காவுக்கு ஒரு தலைவலிகூட இல்லை.

அதன்பின் ஊருக்கு வெளியே சந்தாபுராவில் ஒரு சின்னப் பள்ளி. தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வந்தார். நெஞ்சு நோய் அங்கே போன பிறகு வந்தது. கன்னியம்மாவின் மகள் எங்கள் வீட்டில் உட்கார்ந்து படித்து, மறுபடி எழுதித் தேறினாள். கடைசி மாதங்களில் அக்காவுக்குக் கஞ்சி ஊட்டியதும் அவள்தான். அவளுக்கும், கூப்பிட்டபோதெல்லாம் வந்த டாக்டருக்கும், பாடை சுமந்த பழைய மாணவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

ஹைஸ்கூலுக்கு நன்றி சொல்ல மாட்டேன். இந்த வருடமும் எங்கள் தெருத் தச்சர் ஒருவரை, பிள்ளையின் டி.சி.யை வாங்கிப் போகக் கூப்பிட்டிருக்கிறார்கள். வாங்காதீர்கள் என்று சொல்ல அங்கே இப்போது யாரும் இல்லை.

தலைமையாசிரியரே, இந்த மலரை உங்கள் மேசையில் நானே கொண்டு வந்து வைப்பேன். ஹைஸ்கூல் ஆண்டு விழா வருகிறது. அக்காவை அனுப்பியது யார், எதற்காக? அந்தப் பலகைக்காக எத்தனை பிள்ளைகளை வெளியே தள்ளினீர்கள்? அவர்களைப் பெற்றவர்களை நான் அழைத்து வருகிறேன். மைக்கைப் பிடித்து, அவர்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்.