கீழே உட்கார வைத்த குரல்

நான்கு வருடங்களுக்கு முன், ஓர் ஆடி மாதம். கள்ளக்குறிச்சி பக்கத்தில் வடக்கனந்தலில் சின்னதாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். எங்கள் தெருப் பெண்கள் ஏழு பேர் சனிக்கிழமை சாயங்காலம் என் கடையில் கூடிப் பாடுவோம். யாருக்கும் சங்கீதம் தெரியாது. ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுவோம். பாடிவிட்டு எழுந்தால் இடுப்பு வலிகூட மறந்திருக்கும்.

எடுத்துக் கொடுப்பது எப்போதும் ஓர் அக்காதான். நடவு வேலைக்குப் போகிறவர். வயலின் இந்தக் கோடியில் நின்று அந்தக் கோடிக்குக் கேட்கப் பாடிப் பழகிய தொண்டை. கரகரவென்று இருக்கும், சுருதி அது பாட்டுக்குப் போகும்.

அந்த வருடம் கோயில் திருவிழா மேடையில் நாங்கள் பாடப் பத்து நிமிடம் கேட்டேன். விழாக் கமிட்டிக்காரர் ஒருவர் எங்கள் பாட்டைக் கேட்க வந்தார். கேட்டுவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அந்தம்மா கொரலு இன்னா, மோட்டாரு ஓடுற மாதிரி இருக்குது? அவங்கள வுட்டுட்டு மத்தவங்க வாங்க."

எனக்கு வந்த கோபத்தை அங்கேயே காட்டியிருக்க வேண்டும். காட்டவில்லை. மேடை ஆசை! அக்காவிடம் போய், இந்த ஒரு தடவை விட்டுக்கொடுங்கள் என்று கேட்டேன்.

"அதுக்கு இன்னா டெய்லரம்மா, நான் கீழ குந்திக்கினு கேக்குறேன்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லையே என்று இன்றும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

விழாவன்று மேடையேறினோம். நான் அடியெடுத்தேன். மற்ற ஐந்து பேரும் என் வாயையே பார்த்தார்கள். அக்கா கடைசிச் சொல்லை இழுத்து, ஒரு மூச்சு விட்டு நிறுத்துவார். வயலில் குனிந்து அடுத்த நாற்று முடியை எடுக்கும் நேரம் அது. அந்த இடைவெளியில்தான் நாங்கள் சேர்ந்துகொள்வோம். அது எனக்கு வரவில்லை. ஆளுக்கொரு பக்கம் போனோம். கூட்டம் சிரித்தது.

அப்போது கீழேயிருந்து அந்தக் கரகரத்த குரல் எழுந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே அக்கா அடியை எடுத்துக் கொடுத்தார். நாங்கள் ஆறு பேரும் டக்கென்று பிடித்துக்கொண்டோம். உடனே கமிட்டிக்காரர் மைக்கைப் பிடுங்கி, "யாரும்மா அது? வாய மூடிக்கினு கம்முனு குந்து!" என்றார். அத்தனை பேர் முன்னால்!

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேடையிலிருந்து இறங்கி நேரே அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மற்றவர்களும் பின்னாலேயே வந்துவிட்டார்கள். "மைக்கு இங்க இருக்குதும்மா" என்று கமிட்டிக்காரர் கத்தினார்.

"அத நீங்களே வெச்சிக்கினு பாடுங்க" என்றேன்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. பிறகு பாட்டை எடுத்தார். மூன்றாவது அடிக்குள் சுற்றியிருந்த பெண்களெல்லாம் சேர்ந்துகொண்டார்கள். நன்றாகப் பாடினீர்களா என்று மட்டும் கேட்காதீர்கள். அதைக் கேட்கிற புத்தியால்தான் இத்தனையும் நடந்தது.

சனிக்கிழமைப் பாட்டு இன்றும் நடக்கிறது. கடை வாசலில் நின்று, "எனக்குப் பாட வராதுங்க" என்று யாராவது தயங்கினால், இவரிடம் அப்படிச் சொன்னது யார் என்று முதலில் கோபம்தான் வருகிறது. அடுத்த நொடியே, அக்காவிடம் அதையே சுற்றிவளைத்துச் சொன்னவள் நானும்தான் என்பது நினைவுக்கு வர, நகர்ந்து உட்கார்ந்து இடம் விடுகிறேன்.