ஊதாப் புள்ளடி

கட்சிக் கிளைத் தலைவர் பதவியை என் மாமனார் ஒரே ஒரு வோட்டில் இழந்தார். அந்த வோட்டு என்னுடையது.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. கல்யாணம் முடித்து மூன்று மாதம். எங்கட பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய்க் குடியிருப்பது. அப்ப, தின்றது மாமா வீட்டுச் சோறு, படுத்தது மாமா கட்டித் தந்த வீட்டில். கல்முனை பஸாரில் ஆம்பிளையள் உடுக்கிற சாரம் விற்கிற கடை மட்டும்தான் என் சொந்தம்.

மாமா போடியார். நிறைய வயல். கிளைத் தலைவரும் அவர்தான்... அந்த வருசம் மருதமுனைத் தறிக்காரர் ஒருவர் எதிர்த்துக் கேட்டார். சந்தா கட்டிய அங்கத்தவர் எல்லாரும் மாமாவின் நெல் ஸ்டோரில் கூடி, துண்டில் பெயருக்கு நேரே புள்ளடி போட்டுத் தெரிவு செய்வதென்று முடிவு.

நான் நியாயம் பார்த்துப் போடவில்லை. யாவாரம் பார்த்துத்தான் போட்டேன். சாரம் நெய்கிற நூலுக்கு அப்படித் தட்டுப்பாடு. கொழும்புக்குப் போய் நூலுக்காகக் கதைக்க ஒரு ஆள் வேணும். மாமா போனால் வாய்க்காலைப் பற்றித்தான் கதைப்பார்.

மேசையில் கயிறு கட்டிய பென்சில் ஒன்று கிடந்தது. என் கை பழக்கத்தில் காதுக்குப் போய்விட்டது... அங்கே செருகியிருந்தது சாரத்தில் விலை குறிக்கிற பென்சில். எச்சில் பட்டால் ஊதாவாக எழுதும். நாக்கில் தொட்டுப் போட்டுவிட்டு வந்தேன்.

எண்ணுவதற்கென்று வைத்த பள்ளிக்கூட வாத்தியார் ஒரு துண்டைத் தூக்கிப் பிடித்தார். மற்றதெல்லாம் கறுப்பு. அது மட்டும் ஊதா.

மாமா உடுத்தியிருந்ததோ போன கிழமை நான் கடையில் இருந்து எடுத்துக் கொடுத்த புதுச் சாரம். அதன் ஓரத்தில் நான் குறித்த விலையும் அதே ஊதா.

"அடையாளம் வெச்ச வோட்டு இது. செல்லாது" என்றார் மாமாவின் ஆள் ஒருவர்.

தள்ளினால் சமம். சமமென்றால் இருக்கிற தலைவரே தொடர்வார்.

மாமா துண்டைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"புள்ளடி சரியாத்தானே கிடக்கு. எண்ணுங்க வாத்தியார்."

நான் வீட்டுக்குப் போகவில்லை. கடையில் போய்க் குந்திக்கொண்டேன். பெட்டியைக் கட்டிக்கொண்டு உம்மா வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டால்...

பின்னேரம் அசர் பாங்கு சொல்லும் நேரம் மாமாவே வந்து நின்றார்.

"என்ன மருமகன், தறிக்காரர் ஊட்டுல விருந்தோ?"

"இல்ல மாமா..."

"அப்ப வாங்க. நீங்க வராம மாமி எனக்கும் சோறு போடமாட்டாவாம்."

இப்ப என் பேரன் லண்டனில் ஒரு கட்சியில் மெம்பர். கட்சித் தலைவரையே வீட்டில் இருந்து போனில் தட்டித் தெரிவு செய்தானாம். யாருக்குப் போட்டாய் என்றேன். சீக்ரட் என்றான். நல்லதுதான். எனக்கும் அன்று அப்படி அமைந்திருந்தால் நெஞ்சு அந்தப் பாடு பட்டிருக்காது... மாமா கடை வாசலுக்கு வந்தும் இருக்கமாட்டார்.

அன்று மாமாவும் நானும் வீட்டுக்கு நடந்துகொண்டே பேசி முடித்தது இவ்வளவுதான்: கட்சிக் கதை வீட்டு வாசலோடு நிற்கும். பென்சில் விசயம் மாமிக்கும் அவ மகளுக்கும் போகாது. தறிக்காரர் மூலம் நூல் வந்தால், மாமாவுக்கு வருசம் இரண்டு சாரம். விலை குறிக்காமல்.