ஃபூலும் ஃபுல்லும்

ஃபூல் என்ற இங்கிலீஷ் சொல்லுக்கு ஆதியில் துருத்தி என்றுதான் அர்த்தமாம். லத்தீனில் கொல்லன் ஊதுகிற தோல்பையின் பெயராம் அது. உள்ளே வெறும் காற்று. அப்படிப்பட்ட தலை உள்ளவனுக்கும் பிறகு அதே பெயர் வந்துவிட்டதாம். அடுத்த வீட்டு இங்கிலீஷ் வாத்தியார் பொழுதுபோக்காகச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, எழுந்து உள்ளே போய்விட்டேன்.

நான் துருத்தி ஊதியவன். அறுபதுகளின் தொடக்கத்தில், நெய்வேலியில், ஒரு காண்டிராக்டரின் பட்டறையில். மழுங்கிய கடப்பாரைகளைக் காய்ச்சிக் கூராக்குவோம். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஷிஃப்ட், பிளாக், குவார்ட்டர்ஸ், அப்புறம் ஆஃப், ஃபுல். எங்கள் பட்டறைப் பேச்சில் காண்டிராக்ட் ஆள் ஆஃப், பர்மனென்ட் ஆனவன் ஃபுல்.

மனைவி திருவதிகையில் தாய்வீட்டில் இருந்தாள். "மொதல்ல பர்மனென்ட் ஆவட்டும், அப்பறம் பொண்ண அனுப்பறேன்" என்று மாமனார் சொல்லிவிட்டார். பர்மனென்ட் கிடைக்காமலே போய்விடுமோ, அவள் வராமலே இருந்துவிடுவாளோ என்று சோறு இறங்காது எனக்கு.

பர்மனென்டுக்கு ஆள் எடுக்கப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்ட நேரம், வடக்கத்தி அதிகாரி ஒருவர் பட்டறைக்கு வந்தார். கையை உயர்த்தினார். வேகமாக ஊதச் சொல்கிறார் என்று நினைத்து ஊதித் தள்ளினேன். புகை அவர் முகத்தில் அடித்தது. நிறுத்தத்தான் சொல்லியிருக்கிறார். இருமினார், சிரித்தார், என்னைக் காட்டி "ஃபூல்! ஃபூல்!" என்றபடி போனார்.

"ன்னாய்யா சொல்றாரு?" என்று சம்மட்டி அடிப்பவனைக் கேட்டேன்.

"காதுல வுழல? ஒன்னிய ஃபுல்லுன்றாரு. இன்னா இன்னும் நின்னுக்கினு கீற? போயி பொண்டாட்டிய இட்டுக்கினு வாய்யா!"

எதையும் நாலுபேரிடம் கேட்டுத்தான் நம்புவேன். அன்று மட்டும் யாரையும் கேட்கவில்லை. சாயங்காலமே பஸ் ஏறினேன். மாமனார் தகரப்பெட்டியோடு மகளை அனுப்பினார். நெய்வேலிக்குப் பக்கத்து ஊரான வடக்குத்தில் நான் தங்கியிருந்த அறைக்கு அழைத்துவந்தேன்.

மறுநாள் மேஸ்திரியிடம், "எனக்கு எப்பங்க குவார்ட்டர்ஸ் குடுப்பாங்க?" என்றேன்.

"எதுக்குடா ஒனக்கு?"

சொன்னேன். பட்டறையே சிரித்தது. "அடேய், அவரு சொன்னது ஃபூலு! மடையன்னு அர்த்தம்!" சம்மட்டிக்காரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

மனைவியிடம் சொன்னபோது அவள் திட்டவில்லை. பெட்டியில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தவள், மறுபடியும் முடிச்சுப் போட்டாள்.

அந்த வாரமே மாமனார் வந்தார். "ன்னா மாப்ள, ஃபுல்லா, அரைகொறையா?" என்றார். அவள் தலைகுனிந்தபடி அவர் பின்னால் போனாள்.

பல வருஷம் கழித்து நான் பர்மனென்ட் ஆனேன். திருவதிகைக்கு ஓடிப்போய் அவளிடம் சொன்னேன். அவள் முகம் மலரவில்லை.

"சரியாக் கேட்டீங்களா?" என்றாள்.

கடைசிவரை, எந்த நல்ல சேதி சொன்னாலும் அதையேதான் கேட்டாள்.