அடைக்கோழியும் சின்னம்மாவும்

எங்கள் வீட்டுக் கோழிகளில் செவலைக்குத்தான் அம்மா அடை வைப்பாள். மற்றவை பாதியிலேயே எழுந்து குப்பை கிளறப் போய்விடும். செவலை உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். அந்தக் கோடையிலும் ஒரு பழைய ஓலைப்பெட்டியில் மணலைப் பரப்பி, இடி இடித்தால் முட்டை கெட்டுவிடக் கூடாது என்று கரித்துண்டும் இரும்பாணியும் போட்டு, முட்டைகளை அடுக்கி அதை உட்கார வைத்தாள். அடுப்படியின் ஒரு மூலையில் கோழி. எதிர் மூலையில், சுவரில் சாய்ந்தபடி, சின்னம்மா.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. சிக்கல் பக்கம் மிளகாய் விளைகிற ஊர் ஒன்றில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அந்த வருடம் ஈஸ்டருக்கு முன்பு அய்யா போய் அவளைத் தங்கச்சிமடத்துக்கு அழைத்து வந்தார். சின்னம்மாவுக்குக் காய்ச்சல், கடல்காற்று பட்டால் சரியாகிவிடும் என்று எனக்குச் சொன்னார்கள். நான் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சுடவில்லை. முன்பெல்லாம் ஊருக்கு வந்தால் என்னோடு தட்டாங்கல் ஆடி, தோற்றால் கல்லை ஒளித்து வைக்கிறவள் அவள். இப்போது சோறு வைத்தால் தின்றாள், தலை சீவினால் காட்டினாள், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னையா ரயிலில் வருவார். சின்னம்மாவின் வீட்டுக்காரர். நெட்டையான மனிதர். எங்கள் வீட்டு ஓலைக்கூரையின் விளிம்பு தாழ்வானது என்பது அவருக்கு எத்தனை முறை வந்தாலும் மறந்துபோகும், இடித்துக்கொள்வார். வத்தலோ கடலையோ ஒரு பையில் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு, வெளியே தென்னை நிழலில் அய்யாவோடு உட்காருவார். அவர் மழையைப் பற்றிப் பேசுவார், அய்யா காற்றைப் பற்றிப் பேசுவார். இருவரும் மற்றவர் சொன்னதைக் காதில் வாங்கியதாகத் தெரியாது. சின்னையாவின் கண் வாசல் பக்கமே இருக்கும். அவர் குரல் கேட்டதும் சின்னம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். சாயங்கால வண்டிக்கு அவர் கிளம்பிப் போவார். இரண்டு பேரும் காய் விட்டிருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. என் வகுப்பில் அது தினமும் நடப்பதுதான். யாராவது ஒருவர் முதலில் பழம் விட்டுவிட்டால் தீர்ந்தது. பெரியவர்களுக்கு ஏன் இவ்வளவு நாள் ஆகிறது என்பதுதான் விளங்கவில்லை.

ஒருநாள் கோடைமழை இடியும் மின்னலுமாகக் கொட்டித் தீர்த்தது. பொரிக்கவேண்டிய நாள் வந்தும் குஞ்சு வரவில்லை. அம்மா முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தாள். உள்ளே தண்ணீர் தளும்பியது.

"அம்புட்டும் கூமுட்டை" என்றாள்.

சின்னம்மா எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாள். நாற்றம் பொறுக்காமல் போகிறாள் என்று நினைத்தேன். அம்மா ஏன் நாக்கைக் கடித்துக்கொண்டு அப்படியே நின்றாள் என்று யோசிக்கவில்லை.

முட்டைகளைக் குழியில் போட்டு மூடியாயிற்று. செவலை மட்டும் எழுந்திருக்கவில்லை. தூக்கி வெளியே விட்டால் ஓடிவந்து வெறும் பெட்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. தீனி தின்பதில்லை. கிட்டப் போனால் சிலிர்த்துக்கொண்டு கொத்த வந்தது. அடை தெளியட்டும் என்று அம்மா அதைத் தொட்டித் தண்ணீரில் முக்கினாள். மறுநாளும் முக்கினாள். அப்போதுதான் பின்னாலிருந்து அந்தக் குரல் கேட்டது. அது யாருடையது என்று எனக்கு ஒரு கணம் தெரியவில்லை.

"விடுக்கா. அது இருந்துட்டுப் போகட்டும்."

"வெறும் பெட்டியில இருந்து என்னத்தக் காணப் போகுது? எலும்பாப் போயிருமே."

"அதுக்குத் தெரியாதாக்கா?"

சின்னம்மா கோழியை வாங்கி, சேலை முந்தானையால் ஈரத்தைத் துடைத்து, பெட்டியில் கொண்டுபோய் வைத்தாள். அன்றிலிருந்து உள்ளங்கையில் அரிசியை வைத்து அதன் மூக்கருகே நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவள் கையில் மட்டும் செவலை தின்றது.

இந்தச் செய்தியைச் சின்னையாவிடம் சொல்லும்வரை என்னால் பொறுக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷனுக்கே ஓடினேன். வண்டியைவிட்டு இறங்கியவர் நான் சொல்லச் சொல்லக் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"உங்க சின்னம்மாவா பேசுனா? என்ன சொன்னா, அப்படியே சொல்லுத்தா."

சொன்னேன்.

"தொடச்சாளா?"

"முந்தானையால."

"பெறகு?"

மறுபடி முதலிலிருந்து சொன்னேன். மூன்றாம் தடவையும் கேட்டார். பிறகு வத்தல் பையை என் கையில் கொடுத்துவிட்டு, அந்த வண்டி ராமேஸ்வரம் போய்த் திரும்புகிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்து, அதிலேயே ஊருக்குப் போய்விட்டார். மூளை கலங்கிப்போச்சா இந்த மனுசனுக்கு என்று அம்மா பையைப் பார்த்துக் கேட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்காமல் வாரத்தின் நடுவிலேயே சின்னையா வந்து நின்றார். துண்டுக்குள்ளே, வயிற்றோடு அணைத்து ஒரு சின்ன ஓலைக்கொட்டான். அதில் பருத்திப் பஞ்சு. பஞ்சுக்குள்ளே புறா முட்டையைவிடக் கொஞ்சம் சிறிதாக, பழுப்பு நிறத்தில் முட்டைகள். கவுதாரி முட்டை. கோடை உழவில் ஏர் முனைக்கு முன்னால் கிடந்ததாம். தாய்க்கவுதாரி பறந்துபோய்விட்டதாம். வேலை செய்தவர்கள் அவித்துத் தின்ன எடுத்ததைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறார்.

"கோழி முட்டைன்னா இங்கனயே கெடைக்குமே தம்பி" என்றாள் அம்மா. "கவுதாரியக் கோழி பொரிக்குமா?"

"பொரிக்கும் மதினி. சூடு இருந்தாப் போதும்."

அவர் அம்மாவிடம் பேசினாலும் கொட்டானை நீட்டியது சின்னம்மாவின் பக்கம். அவள் அவர் முகத்தைப் பார்க்காமலே அதை வாங்கிக்கொண்டாள். ஒவ்வொரு முட்டையாகச் செவலையின் வயிற்றுக்கடியில் தள்ளினாள். செவலை சிறகைத் தூக்கி இடம் கொடுத்தது. முட்டை எந்தப் பறவையுடையது என்று அது விசாரிக்கவில்லை.

அதன்பிறகு சின்னையா வருவதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. முட்டை பார்க்க வந்தேன் என்பார். "ஒரு கோழி அடை காக்க ரெண்டு பேரு காவல்" என்று அய்யா வலையைப் பின்னிக்கொண்டே சொல்லுவார். சில நாள் கழித்துச் சின்னையா கதவைச் சாத்தச் சொன்னார். பலகை இடுக்கு வழியாக வந்த வெயில் கீற்றில் ஒரு முட்டையை விரல்களால் வளைத்துப் பிடித்துக்கொண்டு, "இங்க வந்து பாரு" என்றார். என்னைத்தான் கூப்பிடுகிறார் என்று ஓடினேன். சின்னம்மாவும் எழுந்து வந்தாள். ஓட்டுக்குள்ளே சிவப்புச் சிலந்தி கால் பரப்பியது போல மெல்லிய நரம்புகள். நடுவில் ஒரு புள்ளி துடித்தது.

ஒரே ஒரு முட்டை வெறுமையாகத் தெரிந்தது. அதைத் தனியே வைத்தார். சின்னம்மா அதை எடுத்து மறுபடியும் கோழிக்கடியில் வைத்தாள்.

"அதுவும் கெடக்கட்டும்" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு. சின்னையா சரி என்றார். பழம் விட்டாயிற்று என்று நான் நினைத்தேன். ஆனால் அவர் கிளம்பும்போது அவள் பழையபடி சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தாள்.

குஞ்சுகள் ஒரு காலை நேரத்தில் வந்தன. அந்த ஒரு முட்டையைத் தவிர மற்றவையெல்லாம் பொரித்துவிட்டன. கட்டைவிரல் அளவு, முதுகில் கோடு கோடாக. ஈரம் காய்ந்ததுதான் தாமதம், ஓட ஆரம்பித்துவிட்டன. செவலைக்கு இப்படிப்பட்ட பிள்ளைகள் பழக்கமில்லை. அது கொக்கொக்கென்று கூப்பிட்டுக்கொண்டு ஒன்றின் பின்னால் ஓடும், அதற்குள் இன்னொன்று சுளகுக்கடியில் நுழைந்திருக்கும். அம்மா அடுப்பை ஊதக் குனிந்தால் அவள் காலடியில் ஒன்று.

அரிசிக் குருணையை அவை தொடவில்லை. கரையான் வேண்டும் என்று சின்னையா முன்னமே சொல்லியிருந்தார். உடைந்த பானைக்குள் காய்ந்த சாணியும் வைக்கோலும் திணித்து, தண்ணீர் தெளித்துக் கவிழ்த்து வைத்தால் மறுநாள் கரையான் ஏறியிருக்கும். அதற்குப் பனங்காட்டுக்குத்தான் போகவேண்டும். நான் கிளம்பியபோது சின்னம்மாவும் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வந்த நாளிலிருந்து அவள் தெருவில் கால் வைத்தது அன்றைக்குத்தான். கிணற்றடியில் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தி மட்டும், "என்னத்தா, தேவலையா?" என்று கேட்டாள்.

"தேவலைக்கா. குஞ்சுக்குக் கரையான் எடுக்கப் போறேன்."

அப்படியே தினமும் போனோம். சின்னம்மாவின் முகம் வெயிலில் கறுத்தது. பனங்காட்டில் ஒருநாள் என்னோடு தட்டாங்கல் ஆடினாள். கல்லை ஒளிக்கவில்லை, நான்தான் ஒளித்தேன்.

குஞ்சுகளுக்குச் சிறகில் இறகு முளைக்கத் தொடங்கிய சமயம். ஞாயிற்றுக்கிழமை, கோயிலிலிருந்து வந்து குஞ்சுகளை வெளியே மேயவிட்டிருந்தோம். மீன் காய்கிற ஊரில் காக்கைக்குப் பஞ்சமா? ஒரு அண்டங்காக்கை தென்னையிலிருந்து இறங்கியது. செவலை பறந்து பாய்ந்தது. அதற்குள் ஒரு குஞ்சு காக்கையின் மூக்கில் இருந்தது.

சின்னம்மா ஓடினாள். முந்தானை மண்ணில் இழுபட, மணலை அள்ளி வீசிக்கொண்டு, கடற்கரை வரைக்கும் ஓடினாள். காக்கை தண்ணீருக்கு மேலே போய்விட்டது. அலை காலை நனைக்கிற இடத்தில் அப்படியே உட்கார்ந்து அழுதாள். அப்படி ஒரு அழுகையை நான் அதற்குமுன் கேட்டதில்லை. கரையில் வத்தைப் படகைத் தள்ளிக்கொண்டிருந்த அய்யா அதை விட்டுவிட்டு நின்றார். பெண்கள் ஓடிவந்து அவளைத் தூக்கப் போனார்கள்.

"தொடாதீக" என்றாள் அம்மா. "அழுகட்டும். இத்தனை நாளும் அழுகாமக் கெடந்தவ."

ஒரு கவுதாரிக் குஞ்சுக்கா இவ்வளவு என்று நான் நினைத்தேன். இன்னும் அத்தனை இருக்கிறதே.

மதிய வண்டியில் சின்னையா வந்தார். யாரோ வழியிலேயே சொல்லியிருக்கவேண்டும். நேரே கடற்கரைக்கு வந்துவிட்டார். அழுது ஓய்ந்து உட்கார்ந்திருந்த சின்னம்மாவுக்குக் கொஞ்சம் தள்ளி, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மணலில் உட்கார்ந்தார். நான் இருவருக்கும் பின்னால் நின்றேன். பிறகு சின்னம்மா கடலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"எப்படி இருந்துச்சு?"

சின்னையா மெதுவாகச் சொன்னார்.

"முடி நெறைய இருந்துச்சு. கருகருன்னு. மூக்கு ஒன்னோட மூக்கு. கை ரெண்டையும் இறுக்கி மூடி வச்சிருந்துச்சு."

"என்னைய எழுப்பிக் காட்டியிருக்கலாமே."

"ஒனக்கு நெனவே இல்லயே. ஒன்னையும் விட்டுருவேன்னு பயந்துட்டேன். பயத்துல எனக்கு ஒண்ணும் தெரியல."

அவரும் அழுதார். சின்னம்மா நகர்ந்து வந்து அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

நான் வீட்டுக்கு ஓடினேன். அம்மா மீன் அரிந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, சின்னையாவுக்கு ஒண்ணுமே தெரியல. காக்கா தூக்குனப்ப அவரு இங்க இல்லவே இல்ல. குஞ்சுக்கு முடி இருந்துச்சுங்கிறாரு. கை இருந்துச்சுங்கிறாரு. சின்னம்மாவும் நம்புறா."

அம்மாவின் கை நின்றது. சிலுவை போட்டுக்கொள்ளப் போனவள் கையில் மீன்செதில் இருப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "போய் வெளையாடுத்தா" என்றாள். பிறகு எழுந்து உலையில் இன்னும் இரண்டு பிடி அரிசி போட்டாள்.

சின்னம்மாவுக்கு முதல் பிள்ளை பிறக்கும்போதே உயிரில்லாமல் பிறந்ததையும், அவள் நினைவு திரும்புமுன் சின்னையா அதை அடக்கம் செய்துவிட்டு வந்ததையும், பிள்ளையின் முகத்தைக் காட்டாத மனிதரோடு பேசமாட்டேன் என்று அவள் வாயை மூடிக்கொண்டதையும், என் வயிற்றில் ஒரு பிள்ளை வளர்ந்த காலத்தில்தான் அம்மா எனக்குச் சொன்னாள். அதற்குள் சின்னம்மாவின் மூத்த மகன் பரமக்குடியில் ஹைஸ்கூல் போய்க்கொண்டிருந்தான்.

அந்த வாரமே சின்னம்மா ஊருக்குக் கிளம்பினாள். குஞ்சுகளோடு செவலையையும் அம்மா பெரிய கூடையில் வைத்து மூடிக் கொடுத்தாள். வளர்ந்ததும் குஞ்சுகளைக் காட்டில் விட்டுவிடலாம், முட்டை கிடந்த இடம் அதுதானே என்றார் சின்னையா. ஸ்டேஷனில் அவர் கூடையை வெயிலில் வைத்ததற்கும், அதைத் தூக்கும்போது சாய்த்ததற்கும், சாவகாசமாகத் தண்ணீர் குடிக்கப் போனதற்கும் சின்னம்மா அவரை வரிசையாகத் திட்டினாள். அவர் ஒவ்வொரு திட்டுக்கும் தலையை ஆட்டிக்கொண்டு சிரித்த முகத்தோடு நின்றார். இவ்வளவு திட்டு வாங்குகிறவருக்கு என்ன சிரிப்பு என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

வண்டி நகர்ந்ததும் நான் அழுதேன். கடலோரத்து மணலில் கவுதாரிகளுக்குப் போதுமான கரையான் இல்லை, அதனால்தான் சின்னம்மா போகவேண்டியதாயிற்று என்று நான் முடிவு செய்திருந்தேன். பள்ளிக்கூடம் திறந்தபோது வகுப்பிலும், கிணற்றடியிலும், கோயிலில் கேட்ட சிஸ்டரிடமும் அதையே சொன்னேன். பெரியவர்கள் எல்லாரும் ஆமாம் ஆமாம் என்று கேட்டுக்கொண்டார்கள். ஒருவரும் என்னைத் திருத்தவில்லை.