டிகிரிக்கு மாறிய கால்குலேட்டர்

பட்டறையில் என் அக்கா கணவருக்கு மூலைமட்டம் என்றுதான் பெயர்; மரத்தின் மூலை சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் கருவி அது. மரப்படிக்கட்டு செய்வதில் கெட்டிக்காரர். ஒரு நூல் அளவு விலகினாலும் செய்தவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். நானும் நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அவர் மகள் கல்லூரியிலிருந்து கிராஃப் போடும் கால்குலேட்டர் ஒன்றைக் கொண்டுவந்தாள். கணக்கைத் தட்டினால் திரையில் கோடாக வரைந்து காட்டும். பரீட்சைக்கு முந்தின சாயங்காலம் அவள் குளிக்கப் போன நேரம், இவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. முப்பதுக்கு சைன் போட்டுப் பார்த்தார். படிக்கட்டுச் சரிவுக்கு வழக்கமாகப் போடும் கணக்கு. அரை என்று வர வேண்டும். மைனஸில் ஏதோ வந்தது. கெட்டுப்போய்விட்டது என்று முடிவு கட்டி, கூட வந்த கையேட்டைப் புரட்டினார். கோண அளவு டிகிரியில் இல்லாமல் ரேடியன் என்ற வேறு அலகில் இருந்தது. டிகிரிக்கு மாற்றினார், அரை வந்தது, உறையில் போட்டு வைத்துவிட்டார். அவள் பாடத்துக்கு ரேடியன்தான் வேண்டும் என்று அவருக்கு எங்கே தெரியும்? மறுநாள் காலை பட்டறையில் என்னிடம் ஒரே பெருமை.

அன்று மாலை அவள் அழுத முகத்தோடு வந்தாள். அலை அலையாக வரவேண்டிய கோடு பரீட்சையில் நீட்டிப் படுத்துக் கிடந்ததாம். பதறிப்போய் மூன்று கேள்விகளை விட்டுவிட்டாளாம். "நான்தான் எதையோ தப்பா அமுக்கியிருக்கேன். எனக்குக் கணக்கே வராதும்மா," என்று அக்காவிடம் சொன்னாள். என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த மூலைமட்டம் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

சொல்லிவிடத்தான் நினைத்தார். அவரை வெளியே இழுத்துப் போய், இப்போது சொன்னால் அவள் முகத்தில் எப்படி விழிப்பீர்கள், நாலு நாள் போனால் அவளே மறந்துவிடுவாள் என்று தடுத்தவன் நான். இதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

அவள் மறக்கவில்லை. சாப்பாட்டைக் குறைத்தாள், தோழிகளின் போனை எடுக்கவில்லை. இவரோ பட்டறையில் ஒரு படியை இரண்டு விரற்கடை குட்டையாக அறுத்தார். யாருக்கும் கேலி செய்ய மனம் வரவில்லை.

பதினோராம் நாள் மாலை, நானும் அங்கே இருந்தபோது, கணக்கை விட்டு வேறு பாடத்துக்கு மாற ஒரு விண்ணப்பத்தை நீட்டி அப்பாவின் கையெழுத்துக் கேட்டாள். மறுநாள் கொடுக்க வேண்டுமாம். அவர் பேனாவைத் திறந்தார், மூடினார்.

"கால்குலேட்டரை டிகிரிக்கு மாத்தினது நான்தாம்மா. கெட்டுப்போச்சுன்னு நெனச்சு சரி பண்ணேன். உன் மேல ஒரு தப்பும் இல்ல."

அவள் கத்தியிருந்தால் தேவலை.

"மாத்தினது தெரியாம செஞ்சதுப்பா. பதினோரு நாளா நான் முட்டாள்னு அழுதுட்டு இருந்தேனே, அதைப் பாத்துட்டுதானே இருந்தீங்க?"

அவர் முகத்தைப் பொத்திக்கொண்டார். அவள் விண்ணப்பத்தை நாலாகக் கிழித்தாள். அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு நழுவப் பார்த்த என் பக்கம் திரும்பினாள்.

"மாமா, உங்களுக்கும் தெரியுமா?"

தெரியும் என்று தலையை ஆட்டினேன்.