மேல்மாடி ரிசீவரும் கமலாக்ஷியும்

கமலாக்ஷி என்ற பேரை நீலாம்பாள் முதலில் கேட்டது டெலிபோனில்தான். எழுபத்தெட்டாம் வருஷம், கர்க்கடக மாசத்து ஆடி மழை. "மட்டாஞ்சேரியல்லே? பம்பாயில்நின்னு ட்ரங்க் கால். கமலாக்ஷி உண்டோ?" என்றாள் ஆபரேட்டர்.

கமலாக்ஷி தெருக்கோடி வெங்கிடராமனின் தங்கை. வெங்கிடராமனின் பெண்டாட்டி நீலாம்பாளின் நாத்தனாருக்கு ஓர்ப்படி. கமலாக்ஷியோ பாலக்காட்டில் மாமா வீட்டில் வளர்ந்து, அங்கிருந்தே கல்யாணமாகிப் பம்பாய் போனவள். புருஷன் செல்லப்பாவை விட்டு அண்ணனிடம் வந்தபோதுதான் மட்டாஞ்சேரியையே பார்த்தாள்.

தெருவில் போன் இருந்தது நீலாம்பாள் வீட்டில் மட்டும்தான். அவள் புருஷன் வைத்தீஸ்வரன் மிளகு புரோக்கர். கீழே ஆபீஸ் அறையில் ஒரு போன், மாடியில் ஓர் எக்ஸ்டென்ஷன். யாருக்குக் கால் வந்தாலும் ஓடிப்போய்க் கூப்பிட வேண்டும். வந்தவர் சாக்கு மூட்டைகளுக்கு நடுவே நின்று தொண்டை கிழியக் கத்த வேண்டும். பாதிப் பேச்சில் லைன் செத்துப்போகும். மாடியில் நீலாம்பாள் முந்தானையால் ரிசீவரின் வாயைப் பொத்திக்கொண்டு கேட்பாள். அது தப்பென்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. நம்ம வீட்டுப் போன்தானே!

செல்லப்பா அடிக்கடி கூப்பிட்டான். முதலில் அண்ணனிடம் தேனாகப் பேசுவான். "சின்னச் சண்டைதான் அண்ணா. அனுப்பி வைங்கோ." ரிசீவர் கமலாக்ஷியின் கைக்குப் போனதும் குரல் மாறும். "மரியாதையா வந்து சேரு. போன தடவை கையில சூடு வச்சேன். இனி மூஞ்சிலதான்."

அவள் சொன்னதை அண்ணன் நம்பவில்லை. "அத்தனை மரியாதையாப் பேசறவனாக்கும். இல்லாததைச் சொல்லாதேடி. சூடு அடுப்புல பட்டதுன்னு அவன் சொன்னானே!" பம்பாய்க்கு ரயில் டிக்கெட்டும் எடுத்துவிட்டான்.

கோயிலில் அவளைப் பார்த்த நீலாம்பாளுக்கு மனசு கேட்கவில்லை. "மூஞ்சிலன்னு சொன்னானே, பயமா இல்லையாடி?" என்று கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கமலாக்ஷி அவளை உற்றுப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

ரயில் ஏறுவதற்கு முதல் நாள் மறுபடி கால் வந்தது. அண்ணனும் வைத்தீஸ்வரனும் பக்கத்திலேயே நின்றார்கள். செல்லப்பா தன் பாட்டை ஆரம்பித்தான். கமலாக்ஷி தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்:

"இன்னொரு தரம் சொல்லுங்கோ! மாடியில நீலாம்பா மாமியும் கேட்டுண்டிருக்கா. அவளுக்கும் நன்னாக் காதுல விழட்டும்!"

எதிர்முனை சட்டென்று போனை வைத்துவிட்டது. வைத்தீஸ்வரனுக்கு முகம் சிவந்தது. "என் ஆத்துக்காரி அப்பிடிப்பட்டவளில்லை, கேட்டியா!"

"மாமி, கீழே வாங்கோ," என்றாள் கமலாக்ஷி. "இத்தனை நாள் என் பேச்சைக் கேட்டேளே. இன்னிக்கு உங்க வாயைத் திறங்கோ."

மாடியில் நீலாம்பாள் ரிசீவரை வைத்தாள். வாயைத் திறந்தால் தெருவே காறித் துப்பும். திறக்காவிட்டால் நாளைக்கு அந்தப் பெண் ரயிலேறி விடுவாள். படியிறங்கி வந்தாள்.

"கேட்டேன். எல்லார் பேச்சையும் கேட்டிருக்கேன். கையில சூடு வச்சேன், இனி மூஞ்சிலன்னு சொன்னான் பாவி. ரெண்டு காதாலயும் கேட்டதாக்கும்."

வெங்கிடராமன் தலை குனிந்தபடி போய் டிக்கெட்டை ரத்து செய்தான். தெரு நீலாம்பாளுக்கு ஆகாசவாணி என்று பேர் வைத்தது. அவளுக்கு வலித்தது. ஆனாலும் சொன்னதை மாற்றிச் சொல்லவில்லை.

கமலாக்ஷி அவள் காலில் விழவெல்லாம் இல்லை. "சாட்சி சொன்னேள் மாமி, சந்தோஷம். ஆனா இனி என் பேச்சை நீங்க கேக்கப்படாது," என்றாள். பக்கத்துத் தேவராவில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, தனியாக வீடெடுத்துக்கொண்டாள். சொந்தப் போனுக்கு மனுப் போட்டு, வருஷக்கணக்கில் போன் ஆபீஸுக்கு அலைந்தாள். தனியாக இருக்கும் பெண்ணுக்குப் போன் எதுக்கு என்று ஒரு அதிகாரி இளித்தான்.

"எனக்குப் பேசறதுக்கு. ஊரார் கேக்கறதுக்கில்லை. எப்போ தருவேள், சேட்டா? நான் மரிச்ச பின்னாடியா?"

எண்பத்தாறில் போன் வந்தது. மழைக்கு அதுவும் செத்துத்தான் போகும். மறுநாளே போய்ச் சண்டை போடுவாள்.

பம்பாய்க்கு அவள் திரும்பிப் போகவே இல்லை. இப்போது திருப்பூணித்துறையில், தான் வாங்கிய வீட்டில் இருக்கிறாள்.